முகம் வந்த வழி: ஓட்டப்பிடார வட்டார நாயகர் உருவங்களும் பொருண்மைக் காட்சி ஓவியமும்

திரைப்படம், நாடகம், நாட்காட்டி, சுவரொட்டி ஆகியவற்றால் மக்கள் கண்ணில் முன்பே பதிந்துவிட்ட உருவம் ஒன்றை எடுத்து, அதை மீண்டும் வரைந்து, ஒரு பொருளின்கீழ்த் தொகுத்துக் காட்சிக்கு வைப்பது இன்று கலைக்கூடங்களில் தனியொரு வகையாக நிலைபெற்றுள்ளது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 2004இல் தொடங்கப்பெற்ற கேலரி1988 என்னும் கலைக்கூடம், தீவிர ரசிகர் குழாத்தைப் பெற்ற திரைப்படங்களை மட்டுமே பொருளாகக் கொண்ட ஓவியக் காட்சியை 2007 முதல் நடத்தியமை இவ்வகைக்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது. இதனைக் ‘கருப்பொருள் காட்சி’ என்று மொழிபெயர்ப்பது இயல்பாகத் தோன்றலாம். ஆயினும் தொல்காப்பிய மரபில் பயின்றோர்க்குக் கருப்பொருள் என்பது தெய்வமும் உணாவும் மாவும் மரமும் புள்ளும் பறையுமாகவே பொருள்படும். ஆதலின் இக்கட்டுரை ‘பொருண்மைக் காட்சி’ என்னும் சொல்லையே ஆள்கிறது.

இவ்வகை ஓவியத்தைப் பற்றிய விளக்கங்கள் பெரும்பாலும் ஒரு முன்முடிவிலிருந்து தொடங்குகின்றன: மூலம் ஒன்று உண்டு, அதை வெகுமக்கள் பண்பாடு பரப்புகிறது, ஓவியர் அதை எடுத்தாள்கிறார், பார்வையாளர் மூலத்தை நினைவுகூர்ந்து மகிழ்கிறார். தூத்துக்குடி மாவட்டம் ஓட்டப்பிடாரம் வட்டாரத்தை முன்வைத்து நோக்கினால் இவ்வரிசை முறிகிறது. இங்கு வரலாற்று நாயகர் ஒருவர்க்கு வெகுமக்கள் உருவமே முதல் உருவம். அதற்கு முற்பட்ட மூலமுகம் எதுவும் இல்லை. அவ்வுருவம் காட்சிக்கூடச் சுவரில் ஏறும்போது ‘எடுத்தாளல்’ என்னும் தன்மையை இழந்து ‘வரலாறு’ என்னும் தகுதியைப் பெற்றுவிடுகிறது. இம்மாற்றம் எங்கே, எவற்றால் நிகழ்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுத்துநிலை மண்டபமும் நடுகல்லும்

தமிழ் மரபில் ஓவியக் காட்சிக்கூடம் பற்றிய விரிவான சான்று பரிபாடலின் பத்தொன்பதாம் பாடலில் உள்ளது. நப்பண்ணனார் பாடிய அப்பாடல் திருப்பரங்குன்றத்தின் எழுத்துநிலை மண்டபத்தைக் காட்டுகிறது. அங்கு வரையப்பட்டிருந்தவை புதுப்புனைவுகள் அல்ல. காமனும் இரதியும், பூனை உருக்கொண்ட இந்திரனும், அகலிகையும் கௌதமனும், அவள் கல்லுருவானமையும் அக்கால மக்கள் கேட்டறிந்த கதைகள். வந்தோருள் சிலர் இவர் யார் எனச் சுட்டி வினவ, அறிந்தோர் விடை கூறுகின்றனர். ஓவியம் தானே பேசுவதில்லை. கதை அறிந்த ஒருவரின் வாய்மொழி அதற்குத் துணையாக நிற்கிறது. பொதுவறிவில் உள்ள கதையை ஓவியமாக்கிப் பொதுவிடத்தில் வைத்தலும், அதை அடையாளங்காணும் இன்பமும் நமக்குப் புதியன அல்ல என்பதற்கு இது போதிய சான்று.

அப்பாடலில் நாம் கருதவேண்டிய மற்றொன்றும் உண்டு. இந்திரனை அடையாளங்காட்டுவது அவன் முகமன்று. பூனை வடிவும் நிகழ்ச்சிச் சூழலும் ஆகும். நடுகல் மரபிலும் இதுவே நிலை. தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என வகுக்கும் நெறியில் கல்லில் அமைவது வீரனின் தனிமுகம் அன்று. ஏந்திய படைக்கலம், நின்ற நிலை, அருகில் பொறித்த பெயரும் செயலும் ஆகியவையே அவனை இன்னான் எனக் காட்டுவன. முகம் பொதுமையது, பெயர் தனித்தது. கட்டபொம்மன் பற்றிய கதைப்பாடல்களும் இம்மரபின் வழிவந்தவையே. நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடலை வாசிப்போர் அதில் குலப்பெருமையும் கோட்டையும் படையும் போர்க்காட்சியும் விரிந்திருக்கக் காண்பர். ஓர் ஓவியர் அதைக்கொண்டு மட்டும் ஒரு தனிமுகத்தை எழுதிவிட இயலாது.

பாஞ்சாலங்குறிச்சி: ஒரு முகத்தின் வருகை

ஓட்டப்பிடாரத்தை அடுத்துள்ளது பாஞ்சாலங்குறிச்சி. 1799 செப்டம்பரில் பானர்மன் தலைமையிலான கும்பினிப் படை அக்கோட்டையைக் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801இல் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை கோட்டையை மீண்டும் எழுப்பினார். அதே ஆண்டு மே மாதத்தில் அதுவும் வீழ்ந்து தரைமட்டமாக்கப்பட்டது. கோட்டையை அழித்தவர்கள் எழுதி வைத்த அறிக்கைகளும் கடிதங்களும் நினைவுக்குறிப்புகளும் நமக்குக் கிடைக்கின்றன. கட்டபொம்மனை நேரிற்கண்டு வரைந்ததாக நம்பத்தக்க உருவப்படம் எதுவும் வழக்கில் இல்லை.

இவ்வெற்றிடத்தில் ஒரு முகம் வந்தமர்ந்தது. அது வந்த வழியை ஓரளவு தெளிவாகவே தொடரலாம். கட்டபொம்மன் கூத்தை இளமையிற் கண்டதே தம்மை நடிப்பின்பால் ஈர்த்தது என்று சிவாஜி கணேசன் தம் வாழ்க்கை வரலாற்றில் கூறுகிறார். பின்னர் அவருடைய நாடக மன்றம் சக்தி கிருஷ்ணசாமியின் எழுத்தில் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ நாடகத்தை 1957 முதல் மேடையேற்றியது. 1959இல் பி.ஆர். பந்துலுவின் இயக்கத்தில் அது திரைப்படமாயிற்று. கேவாகலரில் படமாக்கி டெக்னிகலர் படிகளாக வெளியிடப்பட்டமை இங்கு ஒரு சிறு தொழில்நுட்பச் செய்தி அன்று. நாயகனின் உடை, அணி, தலைப்பாகை, முறுக்கிய மீசை அனைத்தும் நிறத்தோடு மக்கள் கண்ணிற் பதிந்தன. நாட்காட்டி வரைவோர்க்கும் சுவரொட்டி அச்சிடுவோர்க்கும் அப்படியே எடுத்தாளத்தக்க வண்ண முன்மாதிரியாகவும் அமைந்தன. 1960இல் கெய்ரோவில் நடைபெற்ற ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜி கணேசன் சிறந்த நடிகராகத் தேர்வு பெற்றது அவ்வுருவத்தின் மதிப்பை மேலும் உயர்த்தியது.

இதன்பின் நிகழ்ந்ததுதான் ஆய்வுக்குரியது. கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இடத்தருகே நிலம் வாங்கி அவருக்குச் சிலை எழுப்பியவர் அவ்வேடம் புனைந்த நடிகரே. வேடத்தின் மூலவர்க்கு வேடதாரி எடுத்த நடுகல் என்று இதனைச் சொன்னால் மிகையாகாது. நடுகல்லில் முகம் பொதுமையது என மேலே கண்டோம். இக்கல்லிலோ மக்கள் தேடிக் காண்பது ஒரு தனிமுகத்தை, அதுவும் திரையில் கண்ட முகத்தை. 1974இல் தமிழக அரசு பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக்கோட்டை ஒன்றைக் கட்டியது. அதன் உட்சுவர்களில் கட்டபொம்மன் வரலாற்று நிகழ்ச்சிகள் ஓவியங்களாகத் தொடர்கின்றன. ஒரே பொருள், தொடர்நிலைக் காட்சிகள், சுவரை ஒட்டி நடந்து பார்க்கும் பார்வையாளர் என அமைப்பளவில் இது நிலையான பொருண்மைக் காட்சியேயாகும்.

ஆண்டுகளின் வரிசையை நோக்குக: கூத்து, 1957இன் நாடகம், 1959இன் திரைப்படம், 1974இன் நினைவுக்கோட்டை. கோட்டைக்கு வருவோர் திரைப்படத்தை முன்பே பார்த்தவர்கள், அல்லது பார்த்தவர் பெற்ற பிள்ளைகள். அவர்கள் சுவரில் தேடும் கட்டபொம்மனுக்கு மீசையும் தலைப்பாகையும் நிற்கும் நிலையும் திரை வகுத்துத் தந்தவை. இதில் ஓவியரைக் குறைகூற இடமில்லை. அடையாளங்காணப்படாத நாயகனை வரைந்து வைத்தால் நினைவிடத்தின் பணி நிறைவேறாது.

கோவில்பட்டிப் பட்டறை

மேடையிலிருந்து ஓவியத்திற்கு உருவம் இடம்பெயர்வது இவ்வட்டாரத்தில் தொழிலாகவே வளர்ந்த ஒன்று. கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜு (1898–1976) இதற்கு மையமானவர். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற அவர் சிலகாலம் திருவண்ணாமலையில் இரமணாசிரமச் சூழலில் இருந்தார்; பின் நாடகக் குழுவில் காட்சித்திரை வரைபவராகச் சேர்ந்தார்; 1940களில் கோவில்பட்டியில் நிலைகொண்டார். டி.எஸ். சுப்பையா, எம். இராமலிங்கம், டி.எஸ். அருணாசலம் முதலிய மாணவர்கள் அவரைச் சூழ்ந்து உருவாயினர். அவர்கள் வரைந்த தெய்வப் படங்கள் அண்மையிலுள்ள சிவகாசியில் அச்சேறி, கடைக்காரர் பெயர் தாங்கிய நாட்காட்டிகளாக வீடுதோறும் சென்றன.

கொட்டகையில் ‘சீன்’ என்றும் ‘படுதா’ என்றும் வழங்கிய காட்சித்திரைக்கும் நாட்காட்டித் தெய்வத்திற்கும் உள்ள உறவைப் பார்த்தவுடனே உணரலாம். பின்னணியில் தூண்வரிசையோ மலையும் நீர்நிலையுமோ ஆழ்ந்து செல்லும். முன்னணியில் உருவம் பார்வையாளரை நேர்நோக்கி நிற்கும். ஒளி மேடை விளக்குப்போல முன்னிருந்து விழும். சிலப்பதிகார அரங்கேற்று காதை கூறும் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி ஆகியவற்றில் தொடங்கும் திரைமரபு பார்சி நாடகத் தாக்கத்தைப் பெற்றுக் கொட்டகைப் படுதாவாகி, பின் தாளில் சுருங்கி வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கியது எனலாம். எழினி மரபுக்கும் படுதாவுக்கும் இடையில் நேர்த்தொடர்ச்சி காட்டச் சான்றுகள் போதா. எனினும் ‘திரை’ என்ற ஒரே சொல் நாடகத்தையும் சினிமாவையும் தழுவி நிற்பதைத் தமிழாய்வாளர் கடந்துபோக வேண்டியதில்லை.

இப்பட்டறையைக் கல்வியுலகின் கவனத்திற்குக் கொணர்ந்தவர் ஸ்டீபன் இங்லிஸ். 1995இல் வெளிவந்த அவருடைய கட்டுரை கொண்டையராஜுவை நவீனத் தேர்ச்சியாளர் ஒருவராகவே நடத்துகிறது. கிறிஸ்டோபர் பின்னி (2004), கஜ்ரி ஜெயின் (2007) ஆகியோரின் நூல்கள் அச்சுப் படங்களின் அரசியலையும் சந்தையையும் விரித்தன. பிரேமிண்டா ஜேக்கப்பின் நூல் (2009) சென்னையின் திரைப்படப் பதாகை ஓவியர்களைப் பற்றியது. இவை அனைத்தும் ஆங்கிலத்தில் அமைந்தவை. கோவில்பட்டியிலிருந்து ஒரு பேருந்துத் தொலைவில் இருக்கும் தமிழ்த்துறைகளில் இவ்வோவியங்களை இலக்கியச் சான்றுகளோடு இணைத்து நோக்கும் முயற்சி இன்னும் வலுப்பெற வேண்டியுள்ளது. நாட்டார் வழக்காற்றியலில் கூத்தும் கதைப்பாடலும் பெற்ற இடத்தை அதே கதையின் வண்ண அச்சுப்படம் பெறவில்லை. மலிவானது என்பதே காரணமாயின், சென்ற நூற்றாண்டில் பெரிய எழுத்துக் கதைகளும் அப்படித்தான் கருதப்பட்டன.

கொண்டையராஜுவின் படங்களில் கையொப்பம் உண்டு. சிலவற்றில் மாணவர் சுப்பையாவின் பெயரும் உடன் அமையும். பதாகை ஓவியர் நிலை வேறு. இயக்கத்தில் இருக்கும் ஒரு திரைப்படத்துக்காகக் கட்டம் கட்டிப் பெரிதாக்கி வரைந்த முகம், அடுத்த படம் வந்ததும் வெள்ளையடிக்கப்பட்டு மறையும். ஃபிளெக்ஸ் அச்சு வந்தபின் அத்தொழிலே ஒடுங்கியது. அழியும் நிலையில்தான் அது கலைக்கூடங்களுக்குச் சுவையான பொருளாயிற்று என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

ஒளிப்படம் உள்ளவர்கள்

கட்டபொம்மன் உருவத்தில் நிகழ்ந்ததை நடிகரின் ஆற்றல் ஒன்றால் மட்டும் விளக்கிவிடலாமா என்னும் வினா எழுகிறது. விடையை அதே வட்டாரம் தருகிறது. வ.உ. சிதம்பரனார் 1872 செப்டம்பர் 5 அன்று ஓட்டப்பிடாரத்தில் பிறந்தவர். ம.பொ. சிவஞானம் எழுதிய வாழ்க்கை வரலாற்றைத் தழுவி 1961இல் வெளிவந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தின் இயக்குநர் அதே பி.ஆர். பந்துலு, நாயகர் அதே சிவாஜி கணேசன். இரு படங்களுக்கும் இடையே இரண்டே ஆண்டுகள். செக்கிழுக்கும் காட்சியில் அவர் நடிப்பைப் பாராட்டாதார் இலர். ஆயினும் இன்று சிதம்பரனார் என்றதும் மேடைகளிலும் பாடநூல்களிலும் நினைவில்லத்திலும் வரையப்படுவது சிவாஜியின் முகம் அன்று. சிதம்பரனாரின் சொந்த முகமே.

காரணம் ஒளிப்படம். 1936 வரை வாழ்ந்த சிதம்பரனாருக்கு ஒளிப்படங்கள் உள்ளன. அவை அச்சில் பரவின. அவரை நேரில் அறிந்தோர் படம் வெளிவந்த காலத்தில் பலர் இருந்தனர். நடிகரின் முகம் எவ்வளவு வலிமையுடையதாயினும் சான்றுடைய முகத்தைப் பெயர்த்தெறிய அதனால் இயலவில்லை. எட்டயபுரத்துப் பாரதியின் நிலையும் இதுவே. அதே 1961ஆம் ஆண்டுப் படத்தில் எஸ்.வி. சுப்பையாவும், 2000இல் ஞான ராஜசேகரன் இயக்கிய ‘பாரதி’யில் சாயாஜி ஷிண்டேயும் அவ்வேடத்தைத் திறம்பட ஏற்றனர். இருவரில் எவர் முகமும் பாரதியின் முகமாகவில்லை. மாறாக, கிடைத்துள்ள சில ஒளிப்படங்களிலிருந்து தலைப்பாகை, மீசை, கண்கள் ஆகிய மூன்றையும் பிரித்தெடுத்து, முகக்கோடே இன்றியும் பாரதியை எழுதிக்காட்டும் சுருக்கெழுத்து ஒன்றை ஓவியர்கள் உருவாக்கிக்கொண்டனர். பள்ளி மாணவரும் அதனை வரைவர்.

இவ்வொப்பீட்டை ஓர் எல்லைக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும். ‘கப்பலோட்டிய தமிழன்’ கறுப்பு வெள்ளைப் படம்; வெளிவந்தபோது வணிக வெற்றியும் பெறவில்லை. வண்ணமும் வசூலும் இருந்திருப்பின் சுவரொட்டிகளின் வழியே சிவாஜியின் சிதம்பரனார் மேலும் பரவியிருக்கக்கூடும். அவ்வாறாயினும் இரு பெரும் நடிகர்களின் பாரதி வேடங்கள் நிலைபெறாமை ஒளிப்படத்தின் பங்கையே முதன்மையாகச் சுட்டுகிறது. ஒளிப்படக் கருவி இந்நாட்டிற்கு வருமுன் மறைந்தவர் கட்டபொம்மன்; பின் பிறந்தவர்கள் மற்றிருவரும். ஒரே வட்டாரத்தின் நாயகர்களுக்கு நடுவே அக்கருவி ஒரு கோடு கிழித்திருக்கிறது.

காட்சிக்கூடச் சுவரில்

இனி, கலைக்கூட ஓவியத்திற்குத் திரும்பலாம். ஆன்டி வார்ஹோல் 1962இல் மர்லின் மன்றோவின் முகத்தைப் பலபடியாக அச்சிட்டபோது எடுத்துக்கொண்டது ‘நயாகரா’ (1953) படத்தின் விளம்பர ஒளிப்படத்தை. அதுல் தோடியா 1994இல் வரைந்த ‘பம்பாய் பக்கனீர்’ ஓவியத்தில் ‘பாசிகர்’ என்னும் இந்திப்பட விளம்பரத்தின் நிலையில் தம்மையே நிறுத்தி, கறுப்புக் கண்ணாடிகளில் தாம் மதிக்கும் டேவிட் ஹாக்னியையும் பூபேன் காக்கரையும் பிரதிபலிக்கச் செய்தார். இரண்டிலும் பார்வையாளருக்கு ஒரு செய்தி ஐயமின்றித் தெரியும்: இது விளம்பரப்படம், இது அதன்மேல் ஓவியர் செய்த வேலை. இடைவெளி தெரிவதால்தான் எள்ளலும் இரங்கலும் வியப்பும் எழுகின்றன. லாஸ் ஏஞ்சல்ஸ் காட்சிகளிலும் இன்பம் இவ்விடைவெளியைச் சார்ந்ததே. திரைப்படத்தை அறியாதவர்க்கு அவற்றுள் பல வெறும் படங்கள்.

தமிழ்ச்சூழலிலும் இவ்விடைவெளியைக் காத்த முயற்சிகள் உண்டு. 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி கே.எம். ஆதிமூலம் வரைந்த கோட்டோவியத் தொடரை இங்குக் குறிப்பிடலாம். காந்தியின் முகத்தை அறியாதார் இல்லை; ஆதலின் ஓவியர் அம்முகத்தை நிறுவ வேண்டிய கடமையினின்று விடுபட்டுக் கோட்டின் போக்கையே பின்பற்ற முடிந்தது. புஷ்பமாலா என்னும் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் இணைந்து 2000 முதல் 2004 வரை உருவாக்கிய தென்னிந்தியப் பெண்கள் பற்றிய ஒளிப்படத் தொடரில் இரவிவர்மாவின் பெண்ணுருவமும் தமிழ்த் திரைநாயகியின் உருவமும் வேளாங்கண்ணி மாதாவின் உருவமும் ஒரே உடலில் மாறிமாறி ஏற்றப்பட்டன. பின்புலம் கையால் வரைந்த படுதாவாகவே அமைக்கப்பட்டது. இது வேடம் என்பதை அப்படுதாவே அறிவித்துவிடுகிறது.

பாஞ்சாலங்குறிச்சிச் சுவரில் அத்தகைய அறிவிப்புக்கு இடமில்லை. திரையுருவத்தை அறிந்தவர் அதனை வரலாற்றுருவமாகவே கொள்கிறார். ஒப்பிட வேறொன்று இன்மையால் இடைவெளி தோன்றுவதே இல்லை. வெகுமக்கள் உருவம் அரசு நினைவிடத்தின் வழியாகச் சான்றாவணத்தின் தகுதியைப் பெற்றுவிடுகிறது. பின்வரும் பாடநூல் ஓவியரும் சிற்பியரும் அதனையே மூலமாகக் கொள்வர். ஆய்வாளர்க்கு இதில் இழப்பு உண்டு. கும்பினி ஆவணங்களைக் கொண்டு கட்டபொம்மனின் அரசியலை எவ்வளவு நுணுகி ஆராய்ந்தாலும், நூலின் மேலட்டையில் வந்தமர்வது 1959இன் ஒப்பனை. உருவத்தில் உடையும் அணியும் மட்டுமன்றி, மன்னர்க்குரிய பெருமிதம், ஆங்கிலேய அதிகாரியோடு நிகர்நின்று உரையாடும் நிலை, நாடகத்தன்மை கொண்ட வெகுளி ஆகியவையும் சேர்ந்தே வருகின்றன. பாளையக்காரர் ஒருவரின் ஆட்சி, வரிப்பிணக்கு, அண்டைப் பாளையங்களோடு கொண்ட பகை நட்பு முதலிய சிக்கல்களுக்கு அவ்வொப்பனையில் இடமில்லை.

இதற்காகச் சுவரோவியங்களை அகற்றிப் புதியன எழுதவேண்டும் என்று வாதிடுவது பொருந்தாது. அரை நூற்றாண்டாக மக்கள் வணங்கி நோக்கிய உருவமும் ஒரு வரலாறே. தமிழகத்தின் நாடக, திரைப்பட, அச்சு வரலாறுகள் மூன்றும் அதில் ஒன்றாகப் படிந்துள்ளன. செய்யத்தக்கது ஒன்று உண்டு. இவ்வுருவம் எந்தக் கூத்திலிருந்து, எந்த நாடகத்திலிருந்து, எந்தத் திரைப்படத்திலிருந்து வந்தது என்பதைக் கூறும் விளக்கக் குறிப்பைச் சுவரருகே வைக்கலாம். நினைவிடத்தின் மதிப்பு அதனால் குறையாது. மறைந்து கிடந்த இடைவெளி பார்வையாளர்க்குப் புலப்படும்.

ஓவியர்க்கும் இங்கே இதுவரை எடுக்கப்படாத வாய்ப்பு ஒன்று உள்ளது. கட்டபொம்மனுக்கு இல்லாத நேர்ச்சான்று அவர் தம்பி ஊமைத்துரைக்கு எழுத்து வடிவில் உண்டு. பாஞ்சாலங்குறிச்சிப் போரில் எதிரணியில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட நினைவுக்குறிப்புகளில் அவரை உயரமும் மெலிவும் உடைய, நோயுற்றவர் போன்ற தோற்றங்கொண்ட இளைஞராகக் காட்டி, அவ்வுடலில் இருந்த மனவலிமையை வியந்து எழுதுகிறார். திரைப்படத்தில் அவ்வேடத்தை ஏற்றவர் ஓ.ஏ.கே. தேவர், திரண்ட உடற்கட்டும் அச்சுறுத்தும் பார்வையும் உடையவர். இவ்விரு ஊமைத்துரைகளையும் ஒரே சுவரில் அருகருகே எழுதி வைக்கும் காட்சி ஒன்றை ஓட்டப்பிடாரத்திலோ கோவில்பட்டியிலோ அமைக்கலாம். தேவரின் உருவத்தை அனைவரும் உடனே அறிந்துகொள்வர். மெலிந்த இளைஞரைக் காட்டி இவர் யார் என்று வினவுவோர்க்கு, எழுத்துநிலை மண்டபத்தில் நின்றாரைப்போல, விடை கூற ஒருவர் அருகில் நிற்க வேண்டியிருக்கும்.